கலிலியோ கண்ட வீழ்ச்சியும் காணாத அடியும்

கையிலுள்ள கல்லை விட்டால் அது நிலத்தில் விழும். இதனை அறியாத சிறு பிள்ளையும் உலகில் இல்லை. ஆனால், அக்கல் முதற் செக்கனில் எவ்வளவு தூரம் விழுகின்றது, அடுத்த செக்கனில் எவ்வளவு தூரம் விழுகின்றது, இவ்விரண்டிற்குமிடையே யாதேனும் ஒழுங்கு உண்டா என்று கேட்டு, அதற்குரிய விடையை அளந்து கண்டவர் இத்தாலி தேயத்துக் கலிலியோ கலிலி என்னும் பெரியார். அவர் தொலைநோக்கியால் வானத்தைக் கண்ட வரலாற்றைப் பலரும் எழுதியிருக்கின்றனர். வானத்தை நோக்குமுன்னரும், நோக்கிய குற்றத்திற்காகத் தண்டனை பெற்ற பின்னரும், அவர் சிந்தையை விட்டகலாதிருந்தவை மண்ணில் விழும் பொருள்களே. அவ்வாறு விழுகின்ற பொருள் நிலத்தை அடிக்கும்போது பிறக்கும் வலிமை யாது என்ற வினாவை அவர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சுமந்து திரிந்தார். அதற்கு முடிவு காணாமலே இறந்தார். அந்தக் கதையையே நாம் ஈண்டுச் சொல்லப் புகுகின்றோம்.

கலிலியோ 1564 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 15 ஆந் திகதி பீசா நகரிற் பிறந்தார். தந்தையார் வின்செஞ்சோ ஓர் இசைப்புலவர். யாழ் போன்றதொரு நரம்புக் கருவியை வாசிப்பதில் வல்லவர். நரம்பில் தொங்கவிடும் பாரத்தை மாற்றி மாற்றி, சுருதி எவ்வாறு மாறுகின்றதென்று அவர் தாமே சோதித்துப் பார்த்தார். பழைய நூல்கள் பாரத்திற்கும் சுருதிக்கும் கூறிய விகிதம் பிழையென்று கண்டு அதனை எழுதியும் வைத்தார். முன்னோர் சொன்னது என்பதற்காக ஒன்றை ஒப்புக்கொள்ளாத குணம் மகனுக்கு எங்கிருந்து வந்ததென்று நாம் வேறெங்கும் போய்த் தேடவேண்டியதில்லை.

மகன் வைத்தியனாகவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். 1581 இல் பீசாப் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயிலச் சேர்ந்த கலிலியோ, யூக்கிளிட்டின் கேத்திர கணிதத்தில் மனத்தைப் பறிகொடுத்து, 1585 இல் பட்டம் பெறாமலே வீடு திரும்பினார். பட்டம் பெறாத அவரையே நான்கு ஆண்டுகள் கழித்து அதே பல்கலைக்கழகம் கணித ஆசிரியராக அமர்த்தியது. ஆண்டுக்கு அறுபது பொற்காசு சம்பளம். வைத்தியம் கற்பித்தோர் பெற்றதனோடு ஒப்பிட்டால் அது அற்பத் தொகை.

அக்காலத்திற் பொருள்களின் வீழ்ச்சியைப் பற்றிப் பல்கலைக்கழகங்களிற் படிப்பிக்கப்பட்டது அரிஸ்டோட்டிலின் கொள்கையே. பாரமான பொருள் விரைவாகவும் இலேசான பொருள் மெதுவாகவும் விழும். பத்து மடங்கு பாரமானது பத்து மடங்கு விரைவாக விழும் என்பது அதன் சாரம். இதனை ஐயுற்றவர் கலிலியோவுக்கு முன்னரே இருந்தனர். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிலோபோனஸ் என்பார், பாரத்தில் மிக வேறுபட்ட இரு பொருள்கள் விழும் நேரத்தில் வேறுபாடு மிகச் சிறிதே என்று எழுதினார். 1586 இல், ஒல்லாந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில், சைமன் ஸ்டெவின் என்பவர் தம் நண்பரோடு சேர்ந்து, ஒன்று மற்றதிலும் பத்து மடங்கு பாரமான இரு ஈயக் குண்டுகளை முப்பது அடி உயரத்திலிருந்து ஒரு பலகைமீது போட்டார். இரண்டும் பலகையில் மோதிய ஒலி ஒன்றாகவே கேட்டது.

பீசாவின் சாய்ந்த கோபுரத்திலேறிக் கலிலியோ குண்டுகளைப் போட்ட கதையை வாசகர் அறிவர். எமது கல்லூரியில் நாம் படித்த பௌதிக நூலிலே அந்தக் கோபுரத்தின் படமே முதலிற் காணப்பட்டது. கீழே ஆசிரியரும் மாணவரும் கூடி நிற்க, மேலேயிருந்து குண்டுகள் விழும் காட்சி கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அக்கதைக்குரிய மூலம் ஒன்றே: கலிலியோவின் கடைசிக்கால மாணாக்கரான விவியானி 1654 அளவில் எழுதிய சரித்திரம். கலிலியோவின் சொந்த எழுத்தில், பீசாக் கோபுரத்தில் ஊரைக் கூட்டி ஒரு சோதனை நடத்தினேன் என்று எங்குமே இல்லை. நடந்திருக்கவும் கூடும், ஆயினும் அவருடைய புகழ் அந்தக் கோபுரத்தின்மேல் நிற்கவில்லை. பீசாவில் இருந்த காலத்தில் அவர் எழுதி, அச்சிடாது வைத்திருந்த நூலொன்றில், பொருளின் அடர்த்திக்கேற்ப வேகம் அமையும் என்றே கூறுகின்றார். அதுவும் பிழையான கொள்கையே. இதனை நாம் ஒளிக்கவேண்டியதில்லை. கலிலியோ ஒரு நாளிற் கலிலியோ ஆகவில்லை.

கோபுரத்திலும் வலிய சோதனை ஒன்று அவர் சிந்தையில் நடந்தது. அரிஸ்டோட்டில் சொன்னது மெய்யென்று வைத்துக்கொள்வோம். பெருங் கல் விரைவாக விழும். சிறு கல் மெதுவாக விழும். இரண்டையும் ஒரு கயிற்றாற் பிணைத்து விட்டால் யாது நிகழும்? மெதுவான கல் விரைவான கல்லைப் பின்னுக்கு இழுக்கும்; ஆகவே பிணைந்த கற்கள் பெருங் கல்லிலும் மெதுவாக விழவேண்டும். ஆனால் பிணைந்தவை இரண்டும் சேர்ந்தால் பெருங் கல்லிலும் பாரம் கூடியவை அல்லவா? அப்படியாயின் அவை பெருங் கல்லிலும் விரைவாக விழவேண்டும். ஒரே கொள்கை ஒன்றுக்கொன்று மாறான இரு விடைகளைத் தருகின்றது. கொள்கை பிழை என்பதன்றி வேறு வழியில்லை. குண்டும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். ஒரு கயிற்றுத் துண்டை நினைத்துப் பார்த்தாற் போதும்! இறகு மெதுவாக விழுவதற்குக் காரணம் அதன் பாரக்குறைவன்று, காற்றின் தடையே என்று பிற்காலத்தில் அவர் தெளிவாகக் கூறினார். காற்றில்லாத சந்திரனில், 1971 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 2 ஆந் திகதி, அப்பலோ 15 இற் சென்ற டேவிட் ஸ்கொட் ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூற்றின் இறகையும் ஒருங்கே கைவிட்டார். இரண்டும் ஒருங்கே தரையைத் தொட்டன.

1591 இல் தந்தை இறக்கவே குடும்பப் பாரம் கலிலியோவின் தலையில் விழுந்தது. தங்கைக்குச் சீதனம் கொடுக்கவேண்டும், தம்பியைத் தாங்கவேண்டும். சீதனக் கவலை எம்மவர்க்கு மாத்திரம் உரியதென்று எண்ணுவோர் இதனைக் கவனிப்பாராக. 1592 இல் வெனிஸ் குடியரசுக்குட்பட்ட பாதுவாப் பல்கலைக்கழகத்திற்கு மாறினார். அங்கே கழிந்த பதினெட்டு ஆண்டுகளும் தம் வாழ்வின் நற்காலம் என்று அவரே பின்னர் நினைவுகூர்ந்தார். வீட்டில் மாணாக்கருக்கு உணவும் இடமும் கொடுத்துப் பணம் பெற்றார். தாம் செப்பஞ் செய்த ஒரு கணிதக் கருவியைச் செய்வித்து விற்றார். மரீனா கம்பா என்னும் பெண்ணோடு வாழ்ந்து இரு பெண்களையும் ஓர் ஆணையும் பெற்றார்.

வீழ்ச்சியை அவர் அளந்தது பாதுவாவிலேதான். நேராக விழும் பொருளின் பின்னே கண் ஓடுமுன் அது தரையை அடைந்துவிடுகின்றது. செக்கனைக் காட்டும் மணிக்கூடு அன்று இல்லை. எனவே கலிலியோ வீழ்ச்சியை மெதுவாக்கினார். ஏறக்குறைய ஏழு மீற்றர் நீளமான மரச்சட்டத்தில் ஒரு தவாளிப்பை வெட்டி, அதனை நன்கு மினுக்கி, உள்ளே வழுவழுப்பான தோற்றாளை ஒட்டினார். சட்டத்தின் ஒரு நுனியைச் சற்றே உயர்த்தி வைத்து, உருண்டையான வெண்கலக் குண்டை அதில் உருளவிட்டார். சாய்தளத்தில் உருள்வதும் வீழ்ச்சியே, மெதுவான வீழ்ச்சி. நேரத்தை அளப்பதற்கு அவர் கண்ட உபாயம் எம்மை மிகவும் கவர்கின்றது. பெரிய பாத்திரமொன்றில் நீரை நிரப்பி, அடியில் ஒரு சிறு குழாயைப் பொருத்தி, குண்டு உருளத் தொடங்கியது முதல் முடியும்வரை ஒழுகும் நீரைக் கிண்ணத்திற் பிடித்தார். பிடித்த நீரைத் தராசில் நிறுத்தார். நீரின் நிறையே நேரத்தின் அளவு! கடிகாரம் இல்லாத இடத்தில் தராசையே கடிகாரமாக்கினார்.

இவ்வாறு பலமுறை செய்து அவர் கண்ட ஒழுங்கு இது. முதல் நேரக் கூறில் குண்டு ஓர் அளவு தூரம் சென்றால், இரண்டாங் கூறில் மூன்றளவும், மூன்றாங் கூறில் ஐந்தளவும், நான்காங் கூறில் ஏழளவும் செல்கின்றது. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றை எண்கள் வரிசையாக வருகின்றன. இவற்றைக் கூட்டினால் ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறு. அதாவது, சென்ற மொத்தத் தூரம் நேரத்தின் வர்க்கத்திற்கு விகிதசமம். சாய்வைக் கூட்டினாலும் குறைத்தாலும் இவ்விகிதம் மாறவில்லை. ஆகவே, சட்டத்தை நிமிர்த்தி நேராக நிறுத்தி, அது முழு வீழ்ச்சியானாலும் இதுவே விதியாகும். இன்றைய அளவிற் சொன்னால், தடையின்றி விழும் கல் முதற் செக்கனில் 4.9 மீற்றரும், அடுத்த செக்கனில் 14.7 மீற்றரும், மூன்றாஞ் செக்கனில் 24.5 மீற்றரும் விழுகின்றது.

விதி 1604 இல் அவர் கையிலிருந்தது. அதன் காரணமோ நழுவிக்கொண்டேயிருந்தது. விழும் பொருளின் வேகம் விழுந்த தூரத்திற்கேற்பக் கூடுகின்றது என்று அவர் அவ்வாண்டு வெனிஸ் நகரத்து நண்பர் சார்ப்பிக்குக் கடிதம் எழுதினார். அது பிழை. வேகம் கூடுவது தூரத்திற்கேற்பவன்று, நேரத்திற்கேற்ப. சமமான நேரங்களிற் சமமான வேகம் சேருகின்றது என்ற எளிய உண்மையைத் தெளிவதற்கு அவருக்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. பள்ளி மாணவன் ஒரு மணி நேரத்தில் மனனஞ் செய்யும் ஆர்முடுகல் என்ற சொல்லின் பின்னே இத்தனை தடுமாற்றம் கிடக்கின்றது. 1608 அளவில், சாய்தளத்தில் உருண்ட குண்டை மேசை விளிம்பிலிருந்து பாயவிட்டு, அது தரையில் விழுந்த இடங்களைக் குறித்து, எறியப்பட்ட பொருளின் பாதை பரவளைவு என்பதைத் தேர்ந்தார். அச்சோதனையின் எண்கள் எழுதப்பட்ட தாள் புளோரன்ஸ் நூலகத்திலே நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1973 இல் ஸ்டில்மன் டிரேக் என்னும் ஆராய்ச்சியாளரால் வெளியிடப்பட்டது.

இனி அடியைப் பற்றிய சங்கதிக்கு வருவோம். ஆற்றோரங்களிலும் கடற்கரையிலும் மர முளைகளை நிலத்தில் இறக்குவதற்குப் பெரும் பாரக்கட்டையை உயர்த்தி முளையின் தலையில் விழவிடுவது வழக்கம். அக்கட்டையை முளையின்மேற் சும்மா வைத்தால் முளை அசைவதேயில்லை. அதையே சிறிது உயரத்திலிருந்து போட்டால் முளை இறங்குகின்றது. கட்டையின் பாரம் மாறவில்லையே! விழுந்ததனாற் சேர்ந்தது யாது? அந்த அடிக்குச் சமமான பாரத்தை முளைமேல் வைப்பதாயின் எத்தனை இறாத்தல் வைக்கவேண்டும்? இதுவே கலிலியோவின் வினா.

இதற்கு அவர் பாதுவாவில் இயற்றிய சோதனை ஒன்று மிக அழகானது. ஒரு பெருந் தராசின் ஒரு கையில் நீர் நிறைந்த வாளியைத் தொங்கவிட்டார். அதன் கீழே ஒரு மீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தில் வெறும் வாளியொன்றைக் கயிறுகளால் அதே கையிலிருந்து தொங்கவிட்டார். மறு கையில் எதிர்ப்பாரம் வைத்துத் தராசைச் சமப்படுத்தினார். மேல்வாளியின் அடியிலுள்ள துவாரத்தைத் திறந்தால் நீர் கீழ்வாளியை அடிக்கும். அவ்வடியினால் வாளிப்பக்கம் தாழும். எதிர்ப்பக்கத்தில் எவ்வளவு பாரம் சேர்த்தால் அது மீண்டும் சமமாகுமோ அதுவே அடியின் வலிமை என்பது எண்ணம். துவாரம் திறக்கப்பட்டது. நடந்தது நேர் எதிர்! எதிர்ப்பாரப் பக்கமே முதலிற் தாழ்ந்தது. நீர் கீழ்வாளியை அடிக்கத் தொடங்கியதும் தராசு மெல்ல மீண்டு சமநிலைக்கு வந்து, ஒரு மயிரிழையும் அப்பாற் செல்லாமல் அங்கேயே நின்றது.

காரணத்தை ஆராய்ந்தால் வியப்பு மிகுகின்றது. இரு வாளிகளுக்குமிடையே அந்தரத்தில் விழுந்துகொண்டிருக்கும் நீரை எந்த வாளியும் தாங்கவில்லை; ஆகவே அதன் பாரம் தராசுக்குத் தெரியாது. அப்பாரம் குறைந்ததனாலேயே எதிர்ப்பக்கம் தாழ்ந்தது. பின்னர் கீழே விழும் நீரின் அடி, குறைந்த அதே பாரத்தைச் சரியாக ஈடு செய்தது. ஒழுகும் நீரின் அடிக்கு இவ்வாறு ஓர் அளவு கிடைத்தது. முளையில் விழும் கட்டையின் அடிக்கோ அவருக்கு விடை கிடைக்கவில்லை.

1609 இல் தொலைநோக்கி வந்தது. 1610 இல் வியாழனின் நான்கு சந்திரர்களைக் கண்டார். புளோரன்ஸ் அரசரின் ஆதரவு பெற்று அங்கே சென்றார். பூமி சூரியனைச் சுற்றுகின்றதென்ற கொள்கையை ஆதரித்து 1632 இல் வெளியிட்ட நூலுக்காக உரோமாபுரிக்கு அழைக்கப்பட்டு, 1633 ஆம் ஆண்டு யூன் மாதம் 22 ஆந் திகதி, அறுபத்தொன்பது வயதில், முழந்தாளிட்டு நின்று தம் கொள்கையைத் துறந்தார். எழுந்தபோது அவர் முணுமுணுத்ததாகச் சொல்லப்படும் வார்த்தை பிற்காலத்தார் கட்டியது. இவ்வழக்கு உலகறிந்ததாகலின் நாம் இதனை விரிக்கவில்லை. ஒன்று மாத்திரம் சொல்வோம். சமயம் ஒருபுறம், விஞ்ஞானம் மறுபுறம் என்று எளிதாகக் கோடு கிழிப்போர் சில உண்மைகளை மறந்துவிடுகின்றனர். கலிலியோ இறுதிவரை தம் திருச்சபையிற் பற்றுடையவராகவே இருந்தார். அவருடைய பெண்மக்கள் இருவரும் கன்னியர். தண்டனை பெற்று மனமுடைந்து வந்தவரைத் தம் இல்லத்திற் கௌரவ விருந்தினராக வைத்துத் தேற்றியவர் சீயனா நகரின் அத்தியட்சகர் பிக்கொலோமினி. அவருடைய வீட்டிலேதான் கலிலியோ மீண்டும் எழுதுகோலை எடுத்தார். எழுதத் தொடங்கியதும் வானத்தைப் பற்றியன்று, பழைய குண்டுகளையும் சாய்தளங்களையும் பற்றியே.

1633 டிசெம்பரில், புளோரன்சுக்கு வெளியேயுள்ள ஆர்செட்றி என்னும் இடத்தில் தம் வீட்டிலேயே காவலில் இருக்க அனுமதி கிடைத்தது. அண்மையிலிருந்த மடத்திற் கன்னியாக வாழ்ந்தவள் மூத்த மகள் மரியா செலஸ்தே. தந்தையின் துணிகளைத் தைத்துக் கொடுத்தும், மருந்தும் பட்சணமும் செய்து அனுப்பியும், ஓயாது கடிதம் எழுதியும் அவரைத் தாங்கி வந்த மகள் அவள். தந்தை திரும்பி நான்கு மாதமும் நிறையாமுன், 1634 ஏப்பிரில் 2 ஆந் திகதி, முப்பத்துமூன்று வயதில் இறந்தாள். அவள் எழுதியவற்றுள் நூற்றிருபத்துநான்கு கடிதங்கள் இன்றும் உள. தந்தை அவளுக்கு எழுதியவற்றில் ஒன்றுகூட எஞ்சவில்லை.

அந்தத் துயரிலும் நூல் வளர்ந்தது. இத்தாலியில் அதனை அச்சிட வழியில்லை. கையெழுத்துப் பிரதி நாடு கடந்து சென்று, 1638 இல் ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரில் இரு புதிய விஞ்ஞானங்கள் பற்றிய உரையாடலாக வெளிவந்தது. வீழ்ச்சியின் விதியும் பரவளைவும் உலகுக்கு முறையாக வெளிப்பட்டது இந்நூலிலேதான். அடியைப் பற்றியும் இடையிடையே அரிய செய்திகள் வருகின்றன. மூன்று நான்கு முழ உயரத்திலிருந்து விழுந்த குதிரை எலும்பு முறிந்து கிடக்கும்; பூனையோ பத்து முழத்திலிருந்து விழுந்தும் எழுந்து நடக்கும்; கோபுரத்திலிருந்து விழுந்த தத்துவெட்டிக்கு ஒன்றுமே ஆகாது. உடல் பருக்கப் பருக்கப் பாரம் அதன் கனவளவுக்கேற்பக் கூடுகின்றது. தாங்கும் எலும்பின் வலிமையோ குறுக்குப் பரப்புக்கேற்பவே கூடுகின்றது என்று அதற்கு நியாயங் காட்டுகின்றார். மிக உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம் முடிவின்றிக் கூடிக்கொண்டு போகாது, காற்றின் தடையால் ஓர் எல்லைக்குள் அமைந்துவிடும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். அவ்வாறில்லையேல் மழைத்துளி ஒவ்வொன்றும் எம் தலையிற் குண்டாக விழுமன்றோ!

எண்களில் அவர் எப்பொழுதும் சரியானவர் அல்லர். நூறு இத்தாலிய முழம், அதாவது ஏறக்குறைய 58 மீற்றர், விழுவதற்கு ஐந்து செக்கன் செல்லும் என்று 1632 ஆம் ஆண்டு நூலில் எழுதினார். உண்மையில் மூன்றரைச் செக்கன் போதும். பிரான்சிலிருந்த மெர்சென் என்னும் துறவி அளந்து பார்த்து, பொருள்கள் இதனிலும் விரைவாக விழுகின்றன என்று கண்டார். விகிதத்திற் பிழையில்லை, அளவிலேதான் பிழை.

அந்நூலில் அடியின் வலிமைக்கெனத் தனியொரு பகுதி சேர்க்க எண்ணியிருந்தார். சேர்க்க முடியவில்லை. நூல் அச்சாகி வந்தபோது அவர் இரு கண்ணும் இழந்திருந்தார். வானத்தை வேறெவரும் காணாத அளவு கண்ட கண்கள் தம் புத்தகத்தின் அச்செழுத்தைக் காணவில்லை. 1639 இல் பதினேழு வயது இளைஞன் விவியானி உதவிக்கு வந்து சேர்ந்தான். 1641 ஒக்தோபரில் தொரிசெல்லி வந்தார். பார்வையற்ற கிழவர் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதினர். அவர் மனம் மீண்டும் மீண்டும் முளைக்கும் கட்டைக்குமே திரும்பியது. ஒவ்வோர் அடிக்கும் முளை சிறிது இறங்குகின்றது. எத்துணைச் சிறிய அடிக்கும் சிறிதேனும் இறங்குகின்றது. எனவே அசையாது நிற்கும் எந்தப் பாரமும் அடிக்கு ஈடாகாது, அடியின் வலிமை எல்லையற்றதுபோலும் என்ற முடிவை நோக்கி அவருடைய உரையாடல் சென்று, நடுவிலே நின்றுவிட்டது. 1642 சனவரி 8 ஆந் திகதி ஆர்செட்றியில் அவர் உயிர் பிரிந்தது.

எங்கே தடை இருந்ததென்று இன்று எமக்குச் சொல்ல முடியும். அடிக்கு ஒரே பாரமாக ஓர் எண்ணைத் தேடினார். அப்படி ஓர் எண் இல்லை. விழும் பொருள் எவ்வளவு தூரத்தில் நிறுத்தப்படுகின்றது என்பதைப் பொறுத்தே அடி அமைகின்றது. ஒரு கிலோகிராம் கல் 5 மீற்றர் உயரத்திலிருந்து விழுகின்றதென்போம். தரையை அடையும்போது அதன் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 10 மீற்றர். அது மணலில் விழுந்து 10 சதமமீற்றர் புதைந்து நின்றால், மணல் அதனைத் தடுத்த சராசரி விசை கல்லின் நிறையைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு. அதே கல் கருங்கற்றளத்தில் விழுந்து ஒரு மில்லிமீற்றருக்குள் நிறுத்தப்பட்டால் 5000 மடங்கு. கல்லும் ஒன்று, உயரமும் ஒன்று. அடியோ நூறு மடங்கு வேறு. நிறுத்தும் தூரம் குறையக் குறைய விசை கூடிக்கொண்டே போகும். ஆதலால் எல்லையற்றது என்று கலிலியோ கருதியதும் முற்றிலும் பொருளற்றதன்று. உயரத்திலிருந்து குதிப்பவன் முழங்காலை மடக்குவதும், கிரிக்கற் பந்தைப் பிடிப்பவன் கையைப் பின்னே வாங்குவதும் நிறுத்தும் தூரத்தைக் கூட்டுவதற்கே.

கலிலியோ இறந்து ஓராண்டு செல்லுமுன் நியூற்றன் பிறந்தார். 1660 களின் இறுதியில் ஒல்லாந்தரான ஹைகென்ஸ், ஆங்கிலேயரான ரென், வாலிஸ் ஆகியோர் மோதும் பொருள்களின் விதிகளை இலண்டன் றோயல் சங்கத்திற்கு எழுதினர். ஆயினும், விழுந்த பொருளின் வலிமையை அதன் வேகத்தால் அளப்பதா, வேகத்தின் வர்க்கத்தால் அளப்பதா என்ற வாதம் அடுத்த நூற்றாண்டிலும் ஓயவில்லை.

முற்றுப்பெறாத அந்த உரையாடல், ஆசிரியர் இறந்து எழுபத்தாறு ஆண்டுகளின் பின், 1718 இல் புளோரன்சில் அச்சேறியது. அதே ஆண்டில், கலிலியோ முன்னொரு காலம் வாளிகளைத் தொங்கவிட்ட அதே பாதுவா நகரில், அங்கே பேராசிரியராயிருந்த பொலெனி என்பவர் தம் சோதனைகளை வெளியிட்டார். பருமனில் ஒத்து நிறையில் வேறுபட்ட குண்டுகளை, கெட்டியான கொழுப்பின்மேல் அவர் விழவிட்டார். இரண்டு மடங்கு பாரமான குண்டைப் பாதி உயரத்திலிருந்தும் மற்றதை முழு உயரத்திலிருந்தும் போட்டபோது, கொழுப்பில் விழுந்த குழிகள் இரண்டும் ஒரே ஆழமாயிருந்தன.